கிடங்கில் இருந்ததுதான் சீருடை: இரு உலகப் போர்களுக்கு இடையிலான வீரர்களை விளையாட்டுக்கு வரைவது

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தபோது, தெற்கே அதை எதிர்த்து நின்றவற்றில் ஒன்று போலந்தின் 10வது குதிரைப்படை பிரிகேட். பெயரில்தான் குதிரை. உண்மையில் மோட்டார் வண்டிகளில் போன படை அது. அந்த வீரர்களின் தலையில் இருந்தது ஜெர்மன் ஹெல்மெட். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் அணிந்த அதே 1916ஆம் ஆண்டு மாதிரி.

இதை உள்ளபடியே வரைந்து ஒரு கணினி வியூக விளையாட்டில் வைத்தால், ஆடுகிறவர்களில் பாதிப் பேர் படம் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். போலந்து வீரன் என்றால் போலந்து ஹெல்மெட், ஜெர்மன் வீரன் என்றால் ஜெர்மன் ஹெல்மெட் என்று நம் கண் பழகியிருக்கிறது. ஆனால் 1919க்கும் 1939க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு ஒழுங்கு இருந்ததே இல்லை. அயர்லாந்து 1927இல் ஜெர்மன் வடிவ ஹெல்மெட்டைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது; அதைச் செய்து கொடுத்தது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம். 1937இல் ஷாங்காயில் ஜப்பானியரோடு மோதிய சீனப் படைப்பிரிவுகள் சிலவற்றின் தலையிலும் ஜெர்மன் ஹெல்மெட்தான்.

இந்தக் காலத்தை வைத்து ஒரு வியூக விளையாட்டுக்கு நான் வீரர்களை வரைந்து வருகிறேன். தொடங்கியபோது கையில் கிடைத்த ஆயத்தப் படங்கள் இரண்டே வகை: 1914-18க்கு வரைந்தவை, 1939-45க்கு வரைந்தவை. நடுவில் ஒன்றுமே இல்லை. அதனால் எல்லோரும் இரண்டாம் உலகப் போர் வீரனை எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, 1925இலேயே களத்தில் இறக்கிவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. அந்த இருபது ஆண்டுகள் வெறும் இடைவேளை இல்லை. மூன்றாம் ஆப்கான் போர், போலந்து-சோவியத் போர், மொராக்கோவில் ரிஃப் போர், தென் அமெரிக்காவில் சாக்கோ போர், எத்தியோப்பியா, ஸ்பெயின், சீனா என்று லட்சக்கணக்கானோர் செத்த போர்கள் அதற்குள் நடந்தன. அந்தப் போர்களில் நின்றவர்களுக்கு அவர்களுடைய உருவத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, எவ்வளவு பெரிய படம் வரைகிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். 1996இல் வந்த சிவிலைசேஷன் 2 விளையாட்டில் ஒவ்வொரு படைக்கும் கிடைத்த இடம் 64 பிக்சல் அகலம், 48 பிக்சல் உயரம். அதே அளவில் இன்றும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான். அதில் நிற்கும் ஒரு வீரன் சுமார் 40 பிக்சல் உயரம் வருவான். முகத்துக்கு நாலைந்து பிக்சல். பொத்தான், பதக்கம், காலரில் உள்ள எண் எதுவும் தெரியாது. இவ்வளவு சின்னப் படத்தில் வரலாற்றுத் துல்லியத்துக்கு இடம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இடம் இருக்கிறது, ஆனால் அது வேறொரு இடத்தில் இருக்கிறது. வீரனை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். தலையின் வடிவம், கோட்டின் நீளம், கால், துப்பாக்கியின் நீளம். இந்த நான்கும் சரியாக இருந்தால் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே அவன் எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம்.

துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு லெபெல் துப்பாக்கியின் நீளம் 1.30 மீட்டர். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு 1.13 மீட்டர். வீரனின் உயரம் 1.70 மீட்டர், படத்தில் 40 பிக்சல் என்று வைத்தால், முதலாவது ஏறக்குறைய 31 பிக்சல், இரண்டாவது 27. நாலு பிக்சல் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஜப்பானின் அரிசாகா 38 தனியாகவே 1.28 மீட்டர். முனையில் பயனட் என்ற குத்துக்கத்தியை மாட்டினால் 1.66 மீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட ஆள் உயரம். சோவியத்தின் மோசின் 1.23 மீட்டர்தான், ஆனால் அதைப் பயனட் மாட்டிய நிலையில் சுடுவதற்கென்றே குறி அமைத்திருந்தார்கள். அதனால் செம்படை வீரனின் துப்பாக்கி முனையில் அந்த ஊசி போன்ற பயனட்டை எப்போதும் வரைந்துவிடுவேன். ஒரே துப்பாக்கிப் படத்தை எல்லா நாட்டுக் கையிலும் ஒட்டினால் இவ்வளவும் போய்விடுகிறது.

அப்புறம் கால். தலையைக் கவனிக்கிறவர்கள்கூடக் காலை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் காலாட்படை முழங்காலுக்குக் கீழே துணிப்பட்டி சுற்றியிருந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பட்டீ'; இந்தியிலிருந்து போன சொல். ஜெர்மன் வீரன் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் தோல் பூட்ஸ் போட்டான். பட்டி சுற்றிய கால் கீழே ஒல்லியாகி, கணுக்காலில் ஷூ தனியாகப் பிரிந்து தெரியும். பூட்ஸ் போட்ட கால் ஒரே தூண் மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரனுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: நீண்ட கோட்டின் முன் முனைகள் இரண்டையும் பின்னால் மடித்துப் பொத்தானிட்டிருப்பான், நடக்கும்போது காலைத் தடுக்காமல் இருக்க. அந்த முக்கோண இடைவெளி மூன்று பிக்சல்தான் வரும். அது இல்லாவிட்டால் அவன் பிரெஞ்சுக்காரன் இல்லை.

இனி ஆண்டுக் கணக்கு. இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது.

புதிய ஹெல்மெட் மாதிரிகள் வந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஜப்பானின் 90 வகை 1930இல். போலந்து 1931. செக்கோஸ்லோவாக்கியா 1932. இத்தாலி 1933. ஜெர்மனி 1935. சோவியத் 1936. பிரிட்டனின் மார்க் 2 1938இல். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று! ஆனால் 1919 முதல் 1929 வரை பார்த்தால், பிரான்ஸ் 1926இல் ஏட்ரியன் என்ற தன் முதல் உலகப் போர் ஹெல்மெட்டைத் திருத்தியதைத் தவிரப் பெரும் படைகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. காரணம் எளிது. போர் முடிந்தபோது கிடங்குகள் நிரம்பி வழிந்தன, கருவூலங்கள் காலியாக இருந்தன. இருப்பதைத் தேய்த்துத் தீர்க்கத்தான் அரசுகள் பார்த்தன. முப்பதுகளில் அடுத்த போருக்கான ஆயத்தம் தொடங்கியபோது எல்லோரும் ஒரே மூச்சில் மாறினார்கள்.

அதனால் இருபதுகளின் வீரன் முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு வீரனுக்கு நெருங்கியவன். 1938இன் வீரன் இரண்டாம் உலகப் போரின் முதல் ஆண்டு வீரனுக்கு நெருங்கியவன். எந்த நாட்டுக்கும் குறைந்தது இரண்டு படங்களாவது வேண்டும். பிரிவு விழும் ஆண்டு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

ஆனால் ஒரு மாதிரி ஏற்கப்பட்ட ஆண்டு வேறு, அது வீரனின் தலைக்கு வந்த ஆண்டு வேறு. புத்தகத்தில் 1931 என்று இருந்தால் 1931இல் எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள் என்று பொருள் இல்லை. 1931 மாதிரி ஹெல்மெட் போலந்துக் காலாட்படைக்கு வந்த பிறகும், 1939இல் அதன் குதிரைப்படை பழைய பிரெஞ்சு ஏட்ரியனோடுதான் களத்துக்குப் போனது. 10வது பிரிகேட்டுக்குக் கிடைத்தது ஜெர்மன் பழசு. ஒரே நாடு, ஒரே மாதம், மூன்று விதத் தலை. வீரன் அணிவது அரசாணையில் எழுதியதை அல்ல, அவன் படைக்குரிய கிடங்கில் இருந்ததை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஜெர்மனிக்கு 1935தான் கோடு. அதற்கு முன் இருந்தது வெர்சாய் ஒப்பந்தம் 1,00,000 பேருக்குள் அடக்கி வைத்த படை. தலையில் 1916, 1918 மாதிரிகள். அவற்றின் இரு பக்கமும் சின்னக் கொம்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் காற்றுத்துளைக் குமிழுக்கு ஆளுக்கொரு பிக்சல் கொடுக்க வேண்டும். 1935 மாதிரியில் அது கிடையாது, ஹெல்மெட்டும் சிறியது. மார்பில் நாஜிக் கழுகுச் சின்னம் வந்தது 1934இல். 1928இல் நடக்கும் ஆட்டத்தில் கழுகு அணிந்த வீரன் நின்றால், அது வெறும் உடைப் பிழையாக முடிவதில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே அவர்களை ஆட்சியில் அமர்த்திவிடுகிறது.

இதே மாதிரி ஒரு பிழையை நானும் செய்தேன். 1930ஆம் ஆண்டுச் செம்படை வீரனுக்குத் தோளில் தரப்பட்டை வரைந்து முடித்திருந்தேன். ரஷ்யப் படை என்றாலே அகலமான தோள்பட்டைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஜார் படையின் அடையாளம் என்று 1917 இறுதியில் போல்ஷெவிக்குகள் அதை ஒழித்தார்கள். திரும்ப வந்தது 1943 ஜனவரியில். 1930இல் இருந்தவை காலரில் முக்கோணம், சதுரம், செவ்வகம் ஆகிய சின்னங்கள். உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையினர் தோள்பட்டையை விடாமல் வைத்திருந்தார்கள். அதாவது 1920இல் தோள்பட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவன் எந்தப் பக்கம் என்பதே. நான் வைத்த இரண்டு பிக்சல் ஒரு செம்படை வீரனை எதிரியாக்கியிருந்தது. ஆட்டத்தில் வீரன் திரும்பி நிற்கும் எட்டுத் திசைக்கும் மறுபடி வரைந்தேன்.

செம்படைக்கு வரைய மிக அழகான தலை புத்யோனவ்கா. உச்சியில் கூரான துணித்தொப்பி, நெற்றியில் பெரிய நட்சத்திரம். 1919இல் வந்தது; 1939-40 பின்லாந்துப் போர் வரைக்கும் குளிரில் அதைத்தான் போட்டார்கள். நட்சத்திரத்துக்குப் பின்னால் தைத்த துணியின் நிறம் படைவகையைச் சொல்லும்: குதிரைப்படைக்கு நீலம், காலாட்படைக்குக் கருஞ்சிவப்பு. இந்த ஒரு நிறத்தை வைத்தே இரண்டு படைகளைப் பிரித்துக் காட்டலாம். இப்படி ஒரு வசதி வேறு எந்த நாட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சீனாவுக்கு இரண்டு படம் போதாது. பல விளையாட்டுகளில் சீனாவுக்கு ஒரே ஒரு காலாட்படைப் படம்தான். ஒன்று நீலத்துணியும் தொப்பியுமாக இருக்கும், இல்லையென்றால் ஜெர்மன் ஹெல்மெட்டோடு இருக்கும். இரண்டும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஹான்ஸ் வான் ஸேக்ட், அவருக்குப் பின் அலெக்ஸாண்டர் வான் ஃபால்கன்ஹாசன் ஆகிய ஜெர்மன் ஆலோசகர்களின் துணையோடு சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் சில படைப்பிரிவுகளைப் புதிதாகக் கட்டினார். 1937இல் ஷாங்காயில் நின்ற 36, 87, 88வது டிவிஷன்கள் அவற்றில் முக்கியமானவை. 1935 மாதிரி ஹெல்மெட், பக்கத்தில் நீலத்தில் வெள்ளைச் சூரியன், கையில் மௌசர் வகைத் துப்பாக்கி. ஷாங்காயிலும் நான்ஜிங்கிலும் அவை பெரும் சேதப்பட்டன. மற்ற பெரும்பான்மைப் படைகள் மாகாணத் தளபதிகளின் படைகள். பிரெஞ்சு இந்தோசீனாவை ஒட்டிய யுன்னான் மாகாணப் படை பிரெஞ்சு ஏட்ரியன் ஹெல்மெட் அணிந்து வந்தது. 29வது படையினர் முதுகில் தாடாவோ என்ற அகன்ற வாளைக் கட்டியிருந்தார்கள். 1933இல் பெருஞ்சுவரின் சிஃபெங்கோவ் கணவாயில் ஜப்பானியர் மீது அந்த வாளோடு பாய்ந்தார்கள். காலில் வைக்கோல் செருப்பு, தோளின் குறுக்கே தோட்டா வைத்துத் தைத்த துணிப்பட்டை. இவர்களை எல்லாம் ஒரு படத்தில் அடக்கினால், சீனா ஏன் அப்படிப் போரிட்டது என்பதே புரியாமல் போகும். நான் மூன்று வரைந்தேன்: ஜெர்மன் பயிற்சி பெற்றவன், யுன்னான்காரன், வாள்காரன். அவர்களுக்கு எதிரே நிற்கும் ஜப்பானியனுக்கு 1938 வரை நிமிர்ந்த காலர், தோளில் தரச்சின்னம். அதற்குப் பின் மடித்த காலர், தரச்சின்னம் காலரில்.

நிறத்துக்கு வருவோம். அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இருபதுகளில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிம் சிவப்பை உணராது. சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். அதனால் பிரெஞ்சு அடிவான நீலச் சீருடை சில படங்களில் வெள்ளை மாதிரி இருக்கும், சிவப்புக் காலர்த்துணி கறுப்பாக இருக்கும். இது தெரியாமல் படத்தைப் பார்த்து நிறம் ஊகிப்பவர் வழி தவறுவார். இன்று கணினி தானாக வண்ணம் பூசித் தரும் பழைய படங்களை நான் தொடுவதே இல்லை. அவற்றில் உள்ள நிறம் இயந்திரத்தின் ஊகம். லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் என்ற வண்ணப் புகைப்படத் தட்டுகளில் முதல் உலகப் போர்ப் பிரெஞ்சு வீரர்கள் உண்மை வண்ணத்தில் பதிவாகியிருக்கிறார்கள். வண்ண ஃபிலிம்களான கோடாகுரோம் 1935இலும் புதிய ஆக்ஃபாகலர் 1936இலும் வந்தன. அருங்காட்சியகங்களில் உள்ள துணியே இருக்கிறது. பாரிசின் இன்வலீட் ராணுவ அருங்காட்சியகம், லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம் ஆகியவற்றின் சேகரங்களை இணையத்தில் பார்க்கலாம்.

அடிவான நீலம் ஒற்றை நிறம் இல்லை. கருநீலம், இளநீலம், வெள்ளை இழைகளைக் கலந்து நெய்த துணி அது; வெயிலிலும் மழையிலும் சாம்பலாக வெளுத்தது. பிக்சலில் இதைப் பளிச்சென்ற வான நீலமாகப் போட்டால் பொம்மை மாதிரி ஆகிவிடும். சாம்பல் கலந்த மூன்று நீலங்களை மாறி மாறி வைத்தால் துணியாகத் தெரிகிறது. இன்னொன்று: பிரான்சின் ஆப்பிரிக்கப் படையும் காலனிப் படையும் முதல் உலகப் போரிலிருந்தே காக்கிதான். ரிஃப் போருக்கு வரையும்போது நீலத்தை எடுத்துக்கொண்டு மொராக்கோவுக்குப் போகக்கூடாது. பிரான்ஸ் மண்ணிலிருந்த படைக்கும் முப்பதுகளின் நடுவில் காக்கி வரத் தொடங்கியது.

நிறத்தில் தீராத தகராறு ஒன்று உண்டு. ஆடுகிறவருக்குத் தன் படை எது, எதிரிப் படை எது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். சிவிலைசேஷன் 2இல் படையின் பக்கத்தில் நாட்டு நிறத்தில் ஒரு கேடயம் நிற்கும். வீரனின் உடையைத் தொட வேண்டியதில்லை. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில் வீரனின் உடலிலேயே ஒரு பகுதி நாட்டு நிறத்துக்கு மாறும். காக்கி வீரனின் சட்டை ஊதாவாக மாறினால் இத்தனை தேடலும் வீண். நாட்டு நிறத்தை எங்கே வைக்கலாம் என்று தேடித் தேடிக் கடைசியில் நான் பிடித்துக்கொண்டது முதுகில் சுருட்டிக் கட்டிய போர்வையை. எல்லாப் படையிலும் அது உண்டு, எட்டுத் திசையிலும் கொஞ்சமாவது தெரியும், வரலாற்றுக்கும் பெரிய சேதம் இல்லை. சீருடை நிறத்தைப் புல்தரையிலிருந்து பிரித்துக் காட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறேன், நிறத்தை மாற்றுவதில்லை.

சீருடையே சரியாக இல்லாத வீரர்களும் இருந்தார்கள். அவர்களை வரையும்போதுதான் கை நடுங்குகிறது. 1935இல் இத்தாலி படையெடுத்தபோது எதிர்த்து நின்ற எத்தியோப்பியப் பேரரசரின் காவல்படை பெல்ஜிய அதிகாரிகளிடம் பயிற்சி பெற்றது. காக்கிச் சீருடை, நல்ல துப்பாக்கி, வெறுங்கால். ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த மற்றவர்கள் சம்மா என்ற வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். 1932 முதல் 1935 வரை பொலிவியாவோடு சாக்கோ முட்காட்டில் போரிட்ட பராகுவே வீரர்களிலும் பலருக்குச் செருப்பில்லை. 'பிலா' என்ற பட்டப்பெயரே வெறுங்காலைக் குறித்து வந்ததுதான். அந்த வெறுங்கால் படைதான் சாக்கோவில் வென்றது. இவர்களுக்குக் காலணி வரைந்து 'சரிசெய்வது' அவர்களுடைய வரலாற்றில் ஒரு பகுதியை அழிப்பது. ஸ்பெயினில் 1936 ஜூலையில் தெருவில் இறங்கிய தொழிலாளர் படைக்குச் சீருடை என்றால் பட்டறையில் போடும் நீல ஓவரால்தான். அதையே வரைந்தேன்.

இந்தியப் பக்கம் வந்தால் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பிழை காத்திருக்கிறது. வரைபடத்தில் மெட்ராஸ் நகரம் இருக்கும். அங்கிருந்து 'மெட்ராஸ் காலாட்படை' புறப்படும்படி வைத்திருப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பின் செலவைக் குறைக்கவும், சில சாதியினர் மட்டுமே போர்க்குணம் உள்ளவர்கள் என்ற ஆங்கிலேயக் கொள்கையாலும் மெட்ராஸ் காலாட்படையைப் படிப்படியாகக் கலைத்தார்கள். 1928க்குள் அது முடிந்துவிட்டது. திரும்ப எழுப்பியது 1941இல். ஆக முப்பதுகளின் நிரந்தரப் படையில் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்றே இல்லை. இருந்தவர்கள் பெங்களூரைத் தளமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்கள்: பாலம் கட்டுவது, பாதை போடுவது, வெடி வைப்பது அவர்கள் வேலை. 'தம்பி' என்று இன்றும் படையில் அழைக்கப்படுகிறவர்கள். அவர்களுக்கென்று டூப்டா என்ற தனித் தலையணி இருந்தது. பஞ்சாபியரின் பாகை மாதிரி விரிந்து நிற்காமல், நிமிர்ந்த தொப்பி போல இறுக்கமாக இருக்கும். 1936இல் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த வசீரிஸ்தானில் தொடங்கிய சண்டைகளை வரைபவர்கள் எல்லா இந்திய வீரருக்கும் ஒரே பாகையை ஒட்டுகிறார்கள். கூர்க்காவுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி, சீக்கியருக்குக் குல்லா இல்லாத பாகை, பஞ்சாபி முஸ்லிமுக்கு நடுவில் குல்லா எழும் பாகை என்று மூன்று தலையாவது வேண்டும். எஃகு ஹெல்மெட் யாருக்கும் வேண்டாம்.

ஆதாரம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போலந்தின் தேசிய டிஜிட்டல் ஆவணக் காப்பகத்திலும், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்திலும் இந்தக் கால நாளிதழ்ப் படங்கள் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அணிவகுப்புப் படங்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். அணிவகுப்புக்குக் கிடங்கிலிருந்து நல்லதைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். ரயிலடியில் உட்கார்ந்திருப்பவன், சமையல் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவன், சேற்றில் வண்டி தள்ளுபவன் இவர்களைப் பாருங்கள். பட்டி அவிழ்ந்திருக்கும், தொப்பி கசங்கியிருக்கும், ஒரே வரிசையில் இரண்டு மாதிரி ஹெல்மெட் இருக்கும்.

இப்போது என் மேசையில் இருப்பது சாப்பர். டூப்டாவுக்கு ஏழு பிக்சல் அகலம் வருகிறது, உயரத்துக்கு ஆறு. நேற்று வரைந்ததில் அது பஞ்சாபிப் பாகை மாதிரியே இருந்தது. இன்று மேல் விளிம்பை ஒரு பிக்சல் தட்டையாக்கி, பக்கத்தில் ஒன்றைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.